எழுதாமல் விட்ட காளான் பெயர்கள்

1978-ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஜவ்வாது மலைக்குப் போனேன். என் அக்காவைப் போளூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மலைமேல் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார். வாரம் முழுக்க மேலே இருப்பார், சனிக்கிழமை இறங்கி வருவார். "புதுச்சேரியில் கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும், ஒருமுறை வந்து மலையைப் பார்" என்று கடிதம் போட்டிருந்தார். எனக்கு அப்போது 28 வயது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பயணத்தின் செலவுக் கணக்கு எழுதிய சின்ன நோட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. பஸ் கட்டணம், திருவண்ணாமலையில் குடித்த டீ, அக்காவுக்கு வாங்கிய மல்லிகைப் பூ, மாமாவிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் காசு சுத்தமாக அதில் இருக்கின்றன. இருந்திருக்க வேண்டிய ஒரு பக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

சுவரில் தொங்கிய காளான்கள்

காளானைப் பற்றி நான் முதலில் படித்தது பிரெஞ்சு மொழியில். பழைய பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முடிந்தது. ஆனாலும் எங்களைப் போன்ற சில வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியிலேயே படிப்பை முடித்தோம். தமிழ் எழுத்து எனக்கு அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்தது.

பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் காட்டிப் பாடம் சொல்வது. வகுப்புச் சுவரில் காளான் படம் ஒன்று தொங்கும். ஒரு பக்கம் தின்னத் தக்கவை, மறுபக்கம் விஷமுள்ளவை. 'அமனித் ஃபல்லோயித்' என்ற பச்சை நிறக் கொலைகாரக் காளானை நாங்கள் மனப்பாடம் செய்து திக்தேயில் பிழையில்லாமல் எழுதினோம். பிரான்ஸ் தேசத்துக் காட்டில் முளைக்கும் அந்தக் காளான்களில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் மழைக்கு முளைப்பது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. பிரான்ஸில் காட்டில் காளான் பறித்தவர்கள் கூடையோடு மருந்துக்கடைக்குப் போய்க் காட்டுவார்கள், மருந்துக்கடைக்காரர் பார்த்து நல்லது கெட்டது பிரித்துக் கொடுப்பார் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அது மட்டும் மனதில் நின்றது. நம் ஊரில் யாரிடம் போய்க் காட்டுவது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நம் இலக்கியத்தில் காளானுக்கு 'ஆம்பி' என்று பெயர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடப்பதைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படையிலும் பாணன் வீட்டு அடுக்களையின் பஞ்சத்துக்கு அடையாளமாகக் காளான் வருகிறது. சாஸ்திரத்தின் பக்கம் போனால், மனுஸ்மிருதி பூண்டு, வெங்காயத்தோடு சேர்த்துக் காளானையும் விலக்கி வைத்தது. ஆகச் சமவெளியில் இருந்த நமக்குக் காளான் என்றால் ஒன்று வறுமை, இல்லாவிட்டால் தீட்டு, அதுவும் இல்லாவிட்டால் விஷம். அதை விளைச்சலாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது மலைமேல்தான்.

மலையும் மலையாளிகளும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சுமார் 80 கிலோமீட்டர் நீளம், 32 கிலோமீட்டர் அகலம். நான் போனபோது முழுவதும் வடஆற்காடு மாவட்டம். இன்றைக்குத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. சேயாறு இங்கேதான் பிறக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடியது. அதில் வருவதும் இந்தச் சேயாறுதான். பரிசு தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழியில் மலைவாசிகள் சோறு போட்டு அனுப்புவதை அந்தப் பாட்டில் காணலாம். நான் போனபோதும் அந்த வழக்கம் மாறியிருக்கவில்லை.

அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். ஊர்களை நாடு நாடாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு நாட்டார், ஊருக்கு ஒரு பெரியவர் என்று தங்களுக்குள் ஒழுங்கு வைத்திருப்பவர்கள். சாமை, கேழ்வரகு, தேன், புளி, கடுக்காய் இவைதாம் அவர்கள் பிழைப்பு.

இவர்கள் மலை ஏறிய கதை வெள்ளைக்காரர் காலத்து வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனமாக மறுத்துவிட்டார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டதாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. ஆண்கள் அக்கரை போய்ப் பழி தீர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், வீட்டில் அவர்களுக்குக் கருமாதி முடிந்து, மனைவிமார் தாலி இறக்கியிருந்தார்கள். செத்தவர்களுக்கு ஊரில் இடம் இல்லை. அவர்கள் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிப் பயிர் செய்து வாழ்ந்தார்கள் என்பது கதை.

கதையில் உண்மை எவ்வளவு என்பது இருக்கட்டும். எனக்கு அதில் ஒன்று பிடிக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களுக்கு நெல் தெரிந்திருக்கும், ஏர் தெரிந்திருக்கும். காட்டில் எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தக் காளானைத் தொடக்கூடாது என்பது தெரிந்திருக்குமா? அது அந்த வேடப் பெண்களோடு வந்த சீர்வரிசையாகத்தான் இருக்க வேண்டும். பாட்டி பேத்திக்குச் சொல்ல, பெண்கள் வழியாகவே இறங்கி வந்த படிப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். நான் பார்த்தவரையில் காளான் கூடை பெண்கள் இடுப்பில்தான் இருந்தது.

ஆயாவோடு ஒரு காலை

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு நல்ல இடி, நல்ல மழை. மறுநாள் வெயில் வந்து புழுங்கியது. மாமா தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஆயா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். "வாத்தியார் மச்சான், காளானுக்கு வரியா சாமி?" என்று கேட்டார். பத்து வயதுப் பேத்தி ஒருத்தி கூடையோடு முன்னால் ஓடினாள். நான் சட்டைப்பையில் கணக்கு நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போனேன்.

"இடி இடிச்சாத்தான் புத்து தொறக்கும்" என்றார் ஆயா. நான் மனதுக்குள் சிரித்தேன். பல வருஷம் கழித்து, ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காளான் படுகைகளில் செயற்கை மின்னல் பாய்ச்சிப் பார்த்தபோது விளைச்சல் கூடியது என்று படித்தேன். ஆயா உயிரோடு இல்லை, இருந்திருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

கறையான் புற்று ஒன்றின் அருகே போனதும் ஆயா நின்று கையெடுத்துக் கும்பிட்டார். புற்றைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாகக் குடை விரிந்திருந்தது. ஒரு குச்சியால் மண்ணை விலக்கி, தண்டோடு மெதுவாக இழுத்தார். தண்டு முடிந்த இடத்தில் வேர் போன்ற ஒன்று முழ நீளத்துக்கு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. குடையின் நடுவில் கூர்மையான முனை. "மூக்கு இருக்குதா பாரு. வேர் புத்துக்குள்ள போவுதா பாரு. ரெண்டும் இருந்தாத்தான் கூடையில போடணும்" என்றார். புற்றை மட்டும் இடிக்கக்கூடாது. "வூட்ட இடிச்சிட்டா வர வருசம் யாரு குடுப்பா?" என்றார். மொட்டாக இருந்த சிலவற்றையும் நன்றாக மலர்ந்து கிழிந்துபோன சிலவற்றையும் தொடாமல் விட்டார்.

சற்றுத் தள்ளி, தரையில் யாரோ அரிசி வாரி இறைத்தது போல நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் காளான்கள். பேத்தி உட்கார்ந்து பூப் பறிப்பது போலக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டாள். இன்னொரு இடத்தில் அழகான வெள்ளைக் குடை ஒன்று தண்டில் வளையத்தோடு நின்றது. நான் கை நீட்டினேன். ஆயா குச்சியால் என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "அது பேய்க்காளான்."

நடக்கும்போது ஒரு கல்லில் என் கால்விரல் கிழிந்தது. ஆயா சுற்றுமுற்றும் பார்த்து, காய்ந்துபோன பந்து போன்ற ஒரு காளானை எடுத்து வந்து என் விரல்மேல் அழுத்தினார். பழுப்புப் பொடி புகை போலக் கிளம்பியது. ரத்தம் நின்றது. இந்தப் பந்துக் காளானை எனக்குப் பள்ளிப் படத்திலிருந்து தெரியும். பிரெஞ்சில் அதன் பெயர் 'வெஸ் த லூ', ஓநாயின் குசு என்று பொருள். வகுப்பே சிரித்து உருண்ட பெயர் அது. ஐரோப்பாவிலும் முன்காலத்தில் நாவிதர்களும் வைத்தியர்களும் ரத்தம் நிறுத்த அந்தப் பொடியைத்தான் வைத்திருந்தார்கள். எங்கோ இருக்கும் இரண்டு தேசத்துப் பாட்டிகள் ஒரே வைத்தியத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளியில் எங்களுக்குப் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள், மருந்தைச் சொல்லவில்லை.

போகிற வழியெல்லாம் ஆயா பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த மரத்தடியில் வருவது, எந்த மாதத்தில் வருவது, எதைச் சாறு வைப்பது, எதைக் காயவைத்துக் கோடைக்கு வைத்துக்கொள்வது, எதை மாடு தின்றாலும் மனுஷன் தின்னக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர். பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். ஓர் இடத்தில் நின்று, "கையில நோட்டு வச்சினு இருக்கியே, எழுதிக்க சாமி" என்றார்.

"காளானுக்கெல்லாம் எதுக்கு ஆயா எழுத்து?" என்றேன் நான்.

ஆயா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "இந்த மலையில இருக்கறது எனக்குத் தெரியும். உங்க ஊருக்கு வந்தா எனக்கே தெரியாது. ஊர் மாறினா காளானும் மாறும், நெனப்புல வச்சிக்க" என்றார். அதையும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று இரவு சாமைச் சோறும் காளான் சாறும். மிளகாய், பூண்டு, உப்பு தவிர வேறு ஒன்றும் போட்டதாகத் தெரியவில்லை. ஆட்டுக்கறியை விட நன்றாக இருந்தது. எங்களுக்குக் கொடுத்ததைப் போலவே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் பேத்தி கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள்.

கறையான் செய்யும் விவசாயம்

புற்றுக்காளானைப் பற்றி அறிவியல் சொல்வது ஆயா சொன்னதைவிட விந்தையானது. அதை உண்மையில் பயிர் செய்வது கறையான்தான். வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, எச்சத்தைக் கொண்டு புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற அடைகள் கட்டும். அந்த அடையில் பூஞ்சை வளரும். கறையானால் செரிக்க முடியாத மரச்சத்தை அந்தப் பூஞ்சை பக்குவம் செய்து கொடுக்கும். கறையான் அதைத் தின்று வாழும். மழைக்காலத்தில் பூஞ்சை புற்றுக்குள்ளிருந்து நீண்ட தண்டு விட்டு, கூர்மையான முனையால் மண்ணைத் துளைத்து வெளியே குடை விரிக்கும். ஆயா காட்டிய மூக்கும் வேரும் அதுதான். அரிசி போன்ற சின்னக் காளான் வருவது, கறையான்கள் அடைத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போடும் இடத்தில்.

மனிதன் விவசாயம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கும். இந்தக் கறையான்கள் சுமார் 3 கோடி ஆண்டுகளாகக் காளான் சாகுபடி செய்கின்றன. இன்றைக்கும் மனிதனால் புற்றுக்காளானைப் பண்ணையில் வணிகமாக விளைவிக்க முடியவில்லை. கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கும் மொட்டுக்காளான் எங்கள் பள்ளிப் படத்தில் 'ஷாம்பிஞ்ஞோன் த பரி' என்று இருந்த பாரிஸ் காளான். பால்காளான் நம் நாட்டுக் காட்டிலிருந்து வந்தது. 1974-இல் வங்காளத்து விஞ்ஞானிகள் இருவர் அதைப் பதிவு செய்தார்கள், 1990-களின் கடைசியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தது. புற்றுக்காளான் மட்டும் யாருக்கும் வசப்படாமல், மழைக்கும் கறையானுக்கும் மட்டும் கட்டுப்பட்டு இருக்கிறது. அதனால்தான் "வூட்ட இடிக்காதே" என்ற ஆயாவின் சட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு.

வெள்ளிக் கொலுசு

இனி என் மடத்தனத்தைச் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். புதுச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறக் காலி மனையில், மழைக்குப் பிறகு பெரிய பெரிய வெள்ளைக் குடைகள் முளைத்தன. எனக்கு மலை ஞாபகம் வந்துவிட்டது. காளான் தெரிந்தவன் என்ற கர்வம் வேறு. வேர் புற்றுக்குள் போகிறதா என்று பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே புற்றே இல்லை. என் மனைவி பயந்தாள். பெரியவர்கள் சொன்ன சோதனை ஒன்று இருந்தது. காளான் வேகும்போது வெள்ளிச் சாமானைப் போட்டால், விஷமாக இருந்தால் கறுத்துவிடும் என்பது. பிரான்ஸிலும் வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்க்கும் இதே நம்பிக்கை உண்டு. மகளின் வெள்ளிக் கொலுசைக் கழுவிச் சட்டியில் போட்டோம். கறுக்கவில்லை. மூவரும் சாப்பிட்டோம்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் மகள், பிறகு நான், பிறகு மனைவி. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கிழிந்த துணி போலத் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு குளுக்கோஸ் ஏறியது. மூன்றாம் நாள் காலை அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. டாக்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, அத்தனையும் நியாயம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் தின்றது குளோரோஃபில்லம் என்ற வகையாகத்தான் இருக்க வேண்டும். புல்தரையில் முளைக்கும். குடையின் அடிமடிப்பு முதலில் வெள்ளையாக இருந்து, முற்ற முற்றப் பச்சை பாயும். கடும் வாந்தி பேதி கொடுக்கும், பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடலாம். எங்கள் பள்ளிப் படத்துப் பச்சைக் கொலைகாரன் வேறு வகை. அது தின்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வாந்தி நின்று, ஆள் தேறிவிட்டது போலத் தோன்றி, அதன்பிறகு கல்லீரலைக் கொல்லும். அந்த விஷம் வெள்ளியைக் கறுக்கவைக்காது. பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதும் பொய், மஞ்சள் போட்டுப் பார்ப்பதும் பொய். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

ஆயா சொன்னது எவ்வளவு பெரிய பாடம் என்று அப்போதுதான் உறைத்தது. ஊர் மாறினால் காளானும் மாறும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பத்தார். அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளர் பலருடைய முன்னோர் வெள்ளைக்காரர் காலத்தில் சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். ஒரு காட்டில் பாட்டிகள் சேர்த்துவைத்த படிப்பு இன்னொரு காட்டில் செல்லுபடியாகாமல் போயிருக்கலாம் என்று செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. என் மகளின் முகம்தான் கண்முன் வந்தது.

பெயர் யாருக்கு?

ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். அப்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. ரொஜே ஹெய்ம். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த பூஞ்சை விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு மவுத்தாவுசன் வதைமுகாம் வரை போய் உயிரோடு மீண்டவர். புற்றுக்காளான் இனத்துக்கு 1942-இல் 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைப் புது வகை என்று கண்டு, அவரைக் கௌரவிக்க 'டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி' என்று 1979-இல் பெயர் வைத்தார். அதே 1979-இல் ஹெய்ம் காலமானார். நான் ஆயாவோடு நடந்து ஒரு வருஷம் கழித்து.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தமிழர் ஒரு பிரெஞ்சுக்காரருக்குச் செய்த மரியாதை, பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பெருமைதான். அறிவியலில் பெயர் வைத்தால்தான் ஒரு பொருள் பதிவேட்டில் ஏறும். இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு மையத்திலிருந்து 1988-இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வானத்தில் இருக்கும் கல்லுக்குக்கூட இந்த மலையிலிருந்து பெயர் போயிருக்கிறது. மலையடியில் முளைப்பதற்கு மலைக்காரர்கள் வைத்த பெயர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் கிடக்கிறது.

அதே ஹெய்ம் 1956-இல் மெக்சிகோ போனார். அங்கே மலைவாசிகள் சாமி கேட்பதற்குப் பயன்படுத்தும் ஒரு காளானை ஆராய்ந்து, 1958-இல் பெரிய புத்தகம் போட்டார். மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்மணி, ஹெய்மின் கூட்டாளியான ஓர் அமெரிக்கருக்கு நம்பிக்கையோடு காட்டிக் கொடுத்த காளான் அது. விஷயம் பத்திரிகையில் வந்ததும் போதை தேடும் கூட்டம் அவர் ஊரை மொய்த்தது. புத்தகம் எழுதியவர்களுக்குப் புகழ் வந்தது. அந்த அம்மாள் 1985-இல் வறுமையில் இறந்தார்.

நம் பக்கத்தில் கொஞ்சம் நல்ல கதையும் உண்டு. 1987-இல் அகத்தியர் மலைக் காணிப் பழங்குடியினர் விஞ்ஞானிகளுக்குக் களைப்பு தீர்க்கும் ஆரோக்கியப் பச்சையைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். பிறகு 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்று அதன்படி ஏற்பாடு. 2006-இல் வன உரிமைச் சட்டம். குமாஸ்தா புத்தி போகாதே, அந்தச் சட்டத்தின் சிறு வன விளைபொருள் விளக்கத்தை எடுத்துப் படித்தேன். மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் பெயரோடு இருக்கின்றன. காளான் பெயர் இல்லை. தலைப்போ தாவரத்திலிருந்து கிடைப்பவை என்கிறது, காளானோ தாவரமே அல்ல. கிழங்கு 'போன்றவை' என்று முடியும் கடைசி வார்த்தைக்குள் அதை நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நோட்டில் இல்லாத பக்கம்

1997-இல் மாமா ஓய்வு பெற்றபோது மறுபடி மலைக்குப் போனேன். ஆயா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. கூடை தூக்கிய பேத்தி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மலையில் ரேஷன் அரிசி வந்து சாமையைக் குறைத்திருந்தது. ஆண்கள் மழைக்காலத்தில்கூட வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் வெட்கத்தை விட்டு, ஆயா சொன்ன பெயர்களைக் கேட்டேன்.

"புத்துக்காளான், அரிசிக்காளான், மரக்காளான், பேய்க்காளான்" என்று சொல்லி நிறுத்தினாள். "மத்ததெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும்ணா. நான் ஹாஸ்டல்ல சேர்ந்துட்டேன். மழைக்காலத்துல பள்ளிக்கூடம் இருக்கும்ல."

அவளை ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்லி ஆயாவிடம் வாதாடியவர் என் மாமா. அது தப்பென்று யார் சொல்ல முடியும்? அவள் படித்தாள், பிள்ளைகளையும் படிக்கவைத்தாள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றவளுக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லை. எழுதத் தெரியாத ஆயாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நோட்டும் பேனாவுமாக நின்றவன் நான்.

என் நினைவிலும் அதே நான்கு பெயர்கள்தாம் இருக்கின்றன. அவை நம் சமவெளியிலும் வழங்கும் பெயர்கள். மலைக்கே உரியவை எல்லாம் போய்விட்டன, ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் என் மனம் வைத்துக்கொண்டிருக்கிறது. முப்பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனை பதிவேடு எழுதினேன் என்று கணக்கில்லை. மேசை நாற்காலிக்கு இருப்புப் பதிவேடு, குண்டூசிக்கு இருப்புப் பதிவேடு. யார் உயிரையும் காக்காத அவற்றை ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன்.

சென்ற மாதம் அக்கா மகனிடம் போனில் பேசினேன். அந்தப் பேத்திக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது. அக்கம்பக்கத்து ஊர்களில் அவளைவிட மூத்த பெண்கள் ஐந்தாறு பேர் இன்னும் காளானுக்குப் போகிறார்களாம். இந்தப் புரட்டாசியில் அவளோடு போய் அவர்களிடம் உட்கார்ந்து எழுதி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நோட்டு நான் வாங்கி அனுப்பிவிட்டேன். எண்பது பக்கம், கோடு போட்டது. முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நானே கட்டம் போட்டேன்: பெயர், எங்கே முளைக்கும், எந்த மாதம், தின்னலாமா கூடாதா, வேறு உபயோகம், சொன்னவர் பெயர்.

மற்ற கட்டம் எது காலியாக இருந்தாலும் பரவாயில்லை, கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதே என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறேன்.